மொய் நோட்டிலிருந்து ஒரு நாவல்: நெல்லைச் சீமைப் பெண்பிள்ளையை எழுதுவது எப்படி?

என் முதல் கையெழுத்துப் பிரதியை அக்கா மகளிடம் கொடுத்தேன். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. மூன்று நாள் கழித்துத் திருப்பித் தந்தவள், "கதை நல்லாத்தான் இருக்கு சித்தி. ஆனா இந்தப் புள்ள ஏன் எப்பப் பாத்தாலும் ஜன்னல் வழியா மழையப் பாத்துக்கிட்டே நிக்கா? அதுக்கு வீட்டுல சோலியே கிடையாதா?" என்று கேட்டாள்.

நூற்றெண்பது பக்கம் எழுதியிருந்தேன். எடுத்துப் புரட்டினால், என் நாயகி ஒரு தடவைகூடக் குடம் தூக்கவில்லை, தம்பியைக் குளிப்பாட்டவில்லை, கடைக்குப் போய்க் கடன் சொல்லி எண்ணெய் வாங்கவில்லை. வளர்ந்துகொண்டே இருந்தாள், அவ்வளவுதான்.

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். பதின்வயதுப் பெண், அவள் குடும்பம், அவள் பெரியவளாவது என்று ஒரு நாவல் எழுத நினைப்பவர்களுக்கு உதவலாம். தமிழில் இந்த வகைக்குத் தனி அலமாரி இன்னும் சரியாக அமையவில்லை. சிறுவர் கதைக்கும் பெரியவர் நாவலுக்கும் நடுவே 'இளையோர் நாவல்' என்று இப்போதுதான் சொல்லத் தொடங்கியிருக்கிறோம். சாகித்ய அகாதெமி 2010 முதல் பால சாகித்ய புரஸ்கார் தருகிறது, அது சிறார் இலக்கியத்துக்கு. 2011 முதல் யுவ புரஸ்கார் தருகிறது, அது முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட எழுத்தாளருக்கு. பதினாறு வயது வாசகிக்கு என்று எழுதியது இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. நிற்கட்டும், நமக்கு வேலை இருக்கிறது.

1. முதலில் வருஷத்தைக் குறியுங்கள்

'இந்தக் காலத்துப் பெண்' என்று தொடங்கி நம்முடைய சொந்தப் பதினாறு வயதையே எழுதிவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. நானும் செய்தேன். என் நாயகி கையில் செல்போன் இருந்தது, ஆனால் தோழிக்குக் கடிதம் எழுதினாள்!

எந்த ஜூன் மாதம் கதை தொடங்குகிறது, எந்த மே மாதம் முடிகிறது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். வருஷம் முடிவானால் பாதிக் கதை தானாக வந்துவிடும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு முன்னால் ஒரு பெண் ஜங்ஷன் வரை போக வேண்டுமானால் வீட்டில் காசு கேட்க வேண்டும். காசு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். இப்போது பஸ் வந்தால் ஏறிவிடலாம். ஒரு பொய் குறைந்து, அந்த இடத்தில் வேறொரு பொய் வருகிறது. எந்தப் பொய் என்பதுதான் உங்கள் அத்தியாயம்.

2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய், அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே விழும். நாவல் எழுதுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஏடிஎம் அட்டை யாரிடம் இருக்கிறது? அக்காவின் அட்டை அம்மாவின் பர்ஸிலோ, அண்ணன் சட்டைப்பையிலோ இருந்தால் அந்த வீட்டைப் பற்றி இரண்டு பக்கம் விளக்கம் எழுத வேண்டியதில்லை.

பிறகு பருவங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது குற்றாலத்தில் சாரல். ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டம். ஐப்பசியில் மழை, ஆற்றுப் பாசனத்தில் பிசானப் பருவத்து நெல் நடவு. மார்ச்சில் பொதுத்தேர்வு, மே மாதம் முடிவு. ஊர்க் கோயில் கொடை, அதாவது திருவிழா, எந்த மாதம் என்பது ஊருக்கு ஊர் மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள். கொடைக்குத்தான் வெளியூரில் கடை வைத்திருக்கும் அப்பாக்கள் வருவார்கள்.

நான் எடுத்துக்கொண்டது 2023 ஜூன் முதல் 2024 மே வரை. நடுவில் டிசம்பர் 17, 18 வருகிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி, தாமிரபரணி கரை தாண்டிய நாள்கள். இதில் எச்சரிக்கை ஒன்று. வெள்ளத்தைக் கதையில் வைத்தால் அது கதையின் சிக்கலை அடித்துக்கொண்டு போய்விடக் கூடாது. அம்மாவும் மகளும் பேசாமல் இருக்கிறார்கள், வெள்ளம் வந்தது, மொட்டை மாடியில் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுதினால் அது மழையின் தயவு. என் நாவலில் வெள்ளத்தின்போதும் இருவரும் பேசவில்லை. அரிசிப் பானையை மேலே ஏற்றும்போது ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள், அதோடு சரி.

2. எந்த நெல்லை?

திருநெல்வேலிச் சீமை ஒரே ஊர் இல்லை. 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டம், 2019-ல் தென்காசி தனி மாவட்டம். ஆனால் பேச்சும் சம்பந்தமும் மாவட்ட எல்லை பார்த்து நடப்பதில்லை. பாபநாசம் தொடங்கிப் புன்னைக்காயல் வரை ஆற்றங்கரை ஒரு உலகம். சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் செம்மண் தேரியும் பனையும் கருப்பட்டியும். கோவில்பட்டிப் பக்கம் கரிசல், தீப்பெட்டி ஆபீஸ். பத்தமடையில் கோரைப் பாய். உவரியில் கடல். மேலப்பாளையத்தில் வாப்பாவும் உம்மாவும். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் வீட்டுக்கு வீடு பீடித் தட்டு.

எதைத் தேர்ந்தெடுப்பது? நான் வைத்திருக்கும் சோதனை இது. இரண்டு பெண்பிள்ளைகள் யார் காதிலும் விழாமல் பேச வேண்டும், எங்கே போவார்கள்? ஆற்றங்கரை ஊரென்றால் படித்துறையில் துணி துவைக்கிற சாக்கில். டவுனில் என்றால் கோயில் பிரகாரம், அல்லது டியூஷனுக்கும் வீட்டுக்கும் நடுவே பத்து நிமிஷம். பீடி ஊரில் வீடே ஆள் நடமாட்டம், அதனால் கடைக்குப் பீடி கொண்டுபோய்க் கொடுக்கிற வழியில். உங்களுக்கு யோசிக்காமல் பதில் வருகிற ஊரை எழுதுங்கள். பதில் வராத ஊரை எழுதினால், நான் சொன்னேனே, ஜன்னல், மழை.

3. வீட்டுக் கணக்கை எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மூரில் ஒரு பெண் பெரியவளாவதைச் சடங்கு வைத்து ஊருக்குச் சொல்கிறார்கள். ஆனால் அவள் உண்மையில் பெரியவளாவது வீட்டுக் கணக்கு அவளுக்குத் தெரியவரும் நாளில். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்த நகை எங்கே இருக்கிறது, அப்பா அனுப்புகிற பணம் எத்தனாம் தேதி தீர்கிறது. அதுவரை அவள் அந்த வீட்டின் குழந்தை.

ஆகவே கதை எழுதும் முன் ஒரு கணக்கு எழுதுங்கள். கற்பனைக் குடும்பம்தான், ஆனாலும் ரூபாய் அணா பைசாவாக. வீட்டில் எத்தனை பேர், யார் யாருக்கு வருமானம், சீட்டு எத்தனை, அடகு எத்தனை, பலசரக்குக் கடை நோட்டில் பாக்கி எவ்வளவு. இது நாவலில் வராது. ஆனால் அரிசி தீர்ந்தால் அம்மாவுக்கு ஏன் கோபம் வருகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

என் கதையில் அம்மா பீடி சுற்றுகிறாள். இலையை நனைத்து, தகடு வைத்து வெட்டி, தூள் போட்டுச் சுருட்டி, நூல் கட்டி, முனை மடக்கி. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. ஒரு நாளைக்கு ஆயிரம் என்பது கணக்கு, கை ஓடாத நாளில் எழுநூறு. பள்ளி விட்டு வந்த பிள்ளை முனை மடக்கும். அப்பா சென்னையில் பலசரக்குக் கடையில். வருஷத்துக்கு மூன்று தடவை வருவார்: பொங்கல், கொடை, தீபாவளி. மற்ற நாள்களில் அவர் ஒரு குரல் மட்டும். போனில் "படிக்கியா?" என்பார். "படிக்கேன்" என்பாள். அப்பா–மகள் உறவு முழுவதும் இந்த இரண்டு சொல்லில் நடக்கிறது.

இந்த வீட்டுக்குள் ஒரு பொருளை வைக்க வேண்டும், கணக்கு வெளிவருவதற்கு. அடகுச் சீட்டு வைக்கலாம், பீடிக் கடை பாஸ் புத்தகம் வைக்கலாம். நான் நிறைய யோசித்து மொய் நோட்டு வைத்தேன். அவளுடைய சடங்குக்கு வந்த மொய்யை எழுதிய நோட்டு. முதல் பக்கத்தில் மஞ்சளில் பிள்ளையார் சுழி, அதன் கீழே அவள் பெயர், பிறகு வரிசையாக ஊர், பெயர், தொகை. பன்னிரண்டு வயதில் ஜரிகைப் பாவாடை கட்டி, மாலை போட்டு, தாய்மாமன் சீர் வாங்கி உட்கார்ந்திருந்தபோது அது தனக்கு நடந்த விழா என்று நினைத்தாள். நாலு வருஷம் கழித்து அந்த நோட்டை எடுத்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது, அது அத்தனையும் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். ஐநூற்றொன்று செய்தவருக்கு ஐநூற்றொன்றோடு போனால் முகம் சுளிப்பார்கள். மேலே வைத்துத்தான் செய்ய வேண்டும். சில பெயர்களைப் பேனாவால் அடித்திருக்கிறது. அடித்த ஒவ்வொரு பெயருக்கும் பணம் எங்கிருந்து வந்தது?

அந்தக் கேள்வி கிடைத்த அன்றைக்கு நாவல் கிடைத்துவிட்டது. அதுவரை என்னிடம் இருந்தது நூற்றெண்பது பக்கம்.

4. பெயர் வைப்பது

சின்ன விஷயம் மாதிரி இருக்கும். நம் பக்கம் பேத்திக்கு அப்பாவின் அம்மா பெயரை வைப்பது வழக்கம். பேச்சியம்மாள் என்று வைத்தாயிற்று. ஆனால் மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாமா? சொல்ல மாட்டாள். மகளைத் திட்டும்போதுகூடச் சொல்ல மாட்டாள். அதனால் வீட்டில் 'செல்வி'. பள்ளிப் பதிவேட்டில் பேச்சியம்மாள். இன்ஸ்டாகிராமில் அவளே வைத்துக்கொண்டது 'பிரியா'. மூன்று பெயரில் எதைச் சொல்லி யார் கூப்பிடுகிறார்கள் என்பதை வைத்தே அந்த இடத்தில் அவள் யார் என்று சொல்லிவிடலாம். என் நாவலில் கடைசி அத்தியாயத்துக்கு முந்தியதில் அம்மா ஒரே ஒரு தடவை, வங்கியில் படிவம் நிரப்பும் பெண்ணிடம், 'பேச்சியம்மாள்' என்று வாய்விட்டுச் சொல்கிறாள். எதிரே இருந்தவர் எழுதிக்கொண்டு போய்விடுகிறார். வாசகிக்கு மட்டும் தெரியும்.

5. பேச்சு

நெல்லைத் தமிழ் என்றதும் எல்லோரும் 'ஏலே', 'மக்கா' என்று நாலு சொல்லைத் தூவிவிடுகிறார்கள். சினிமா பார்த்து வந்த வியாதி அது. 'ஏலே' என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணை அழைக்க மாட்டாள். 'ஏட்டி', 'ஏளா' என்பாள்.

சொல்லைவிட வினைமுற்றில்தான் ஊர் இருக்கிறது. 'நிற்கிறாள்' என்பது 'நிக்கா'. 'சொல்கிறேன்' என்பது 'சொல்லுதேன்'. மரியாதைக்கு 'வந்தாங்க' இல்லை, 'வந்தாவ'. பேச்சின் கடைசியில் ஒரு 'லா': 'நேத்தே சொன்னேன்லா'. இந்த நாலைந்தைச் சரியாகப் பிடித்தால் போதும். மிச்சச் சொற்களைப் பொதுத் தமிழில் எழுதினாலும் வாசகி காதில் ஊர் கேட்கும். சமையற்கட்டை 'அடுக்களை' என்றும், ஓடு வேயாத மொட்டை மாடியை 'தட்டட்டி' என்றும் சொல்லுங்கள். பாட்டி நம் பக்கம் ஆச்சி. ஆனால் இதுவும் வீட்டுக்கு வீடு மாறும். நீங்கள் எழுதும் குடும்பத்தில் என்ன சொல்வார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

அப்புறம், பதினாறு வயதுப் பெண் ஆச்சியிடம் பேசுவது ஒரு தமிழ், பள்ளியில் பேசுவது ஒரு தமிழ், வாட்ஸ்அப்பில் அனுப்புவது மூன்றாவது. டீச்சர் முன்னால் 'சொல்லுதேன்' என்று வாய் தவறி வந்துவிட, வகுப்பு சிரிக்கிறது. இந்த வெட்கம் நம்மூர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்தது. எழுதுங்கள்.

கதையைச் சொல்லும் நடை வேறு. அதை முழுக்க வட்டார வழக்கில் எழுதினால் எழுபதாம் பக்கத்தில் மூச்சு வாங்கும், எழுதுகிறவருக்கும் சேர்த்து. நான் பேச்சில் மட்டும் வைத்துக்கொண்டேன்.

6. ஒரு காட்சியைத் திருத்திக் காட்டுகிறேன்

மொய் நோட்டைப் பார்த்த பிறகு மகள் அம்மாவிடம் கேட்கும் இடம். முதலில் நான் எழுதியது இது, மானம் போனாலும் பரவாயில்லை:

'அம்மாவின் தியாகத்தை நினைத்து அவள் கண்கள் பனித்தன. குடும்பத்துக்காகத் தன்னையே உருக்கிக்கொண்ட மெழுகுவர்த்தி அம்மா என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.'

இதில் அம்மா எங்கே? ஆளே இல்லை, மெழுகுவர்த்திதான் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து எழுதியது:

அம்மா தட்டை மடியில் வைத்திருந்தாள். கண் டிவியில் இருந்தது, விரல் பார்க்காமலே சுருட்டியது.

"எம்மா, தச்சநல்லூர் மாமா எவ்வளவு செஞ்சாவ?"

"எதுக்கு?"

"எனக்குச் சடங்கு வச்சப்ப."

கை நிற்கவில்லை. "ரெண்டாயிரத்தொண்ணு."

"நோட்டுல அடிச்சிருக்கு."

"குடுத்தாச்சு, அடிச்சிருக்கு."

"எப்பக் குடுத்த? அப்பா பணமே அனுப்பலன்னு சொன்னேல்லா."

கை நின்றது. நூலைப் பல்லில் கடித்து அறுத்தாள். "இல ஒணந்துட்டு, பாரு. தண்ணி தெளி."

செல்வி எழுந்து செம்பை எடுத்தாள். குனிந்து தெளிக்கும்போது அம்மாவின் கழுத்தைப் பார்த்தாள். மஞ்சள் கயிறு மட்டும் கிடந்தது. எத்தனை நாளாக அப்படி இருக்கிறது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

கண்ணீர் இல்லை, தியாகம் என்ற சொல் இல்லை. தினமும் பார்த்த கழுத்தை அவள் பார்க்கவே இல்லை என்பதுதான் காட்சி. இதை எழுதும்போது ஒரு பழக்கம் கைவந்தது: கேள்வி கேட்டால் நம்மூர் அம்மாக்கள் பதில் சொல்வதில்லை, வேலை சொல்கிறார்கள். அம்மா பேச வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு வேலையைச் சொல்ல வையுங்கள். 'தண்ணி தெளி', 'தம்பி எங்கன்னு பாரு', 'வெளக்கப் போடு'. ஒவ்வொரு வேலைக்குப் பின்னாலும் ஒரு பதில் இருக்கும்.

இன்னொன்று, அம்மாவுக்கும் ஒரு தப்பு கொடுங்கள். என் கதையில் அவள் அடகு வைத்தது தன் சங்கிலியை மட்டுமல்ல, மூத்தவளின் தோடையும், அவளைக் கேட்காமல். அதற்காக அக்கா அவளை மன்னிக்கவில்லை. நானும் மன்னிக்க வைக்கவில்லை.

7. சடங்கு, காதல், சாதி

மூன்றும் வராமல் நெல்லையில் ஒரு பெண்ணின் கதை இல்லை. சடங்கை அழகாக எழுதிவிடும் ஆசை வரும். உளுந்தங்களி, நல்லெண்ணெய், தாய்மாமன் பட்டு எல்லாம் வரட்டும். கூடவே தனித் தட்டும், தனி மூலையும், தெருவெல்லாம் வைத்த ஃபிளக்ஸ் போர்டில் தன் படத்தைப் பார்த்து மறுநாள் பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளையும் வரட்டும்.

காதல் வந்தால் வரட்டும், ஆனால் அவளைக் காப்பாற்ற ஒரு பையனை அனுப்பாதீர்கள். சட்டத்தையும் தெரிந்துகொண்டு எழுதுங்கள். 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி பதினெட்டுக்குக் கீழே எல்லோரும் குழந்தைதான், சம்மதம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. பெரியவன் ஒருவன் பின்னால் சுற்றுவதை இனிமையான காதலாக எழுதும் வழக்கத்தை நம் தலைமுறையோடு விட்டுவிடலாம்.

சாதியை விட்டுவிட்டு எழுதினால் அது நெல்லையாக இருக்காது. பள்ளியில் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறு எந்தப் பிள்ளைக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அரசு நியமித்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, கயிறு உள்ளிட்ட அடையாளங்களுக்குப் பள்ளியில் தடை கேட்டது. உங்கள் நாயகி 2023-ல் பிளஸ் ஒன் படிக்கிறாள் என்றால் அந்த வாரம் வகுப்பில் யார் யாரோடு உட்கார்ந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும். நடந்த குடும்பத்தின் துயரத்தை எடுத்துக் கதையாக்காதீர்கள், அது அவர்களுடையது. உங்கள் வகுப்பறையில் ஒரு பெஞ்சு மாறியதை எழுதுங்கள். தோழி வீட்டுக்கு முதல் தடவை போனவளுக்கு எந்த டம்ளரில் தண்ணீர் கொடுத்தார்கள் என்று எழுதுங்கள்.

8. அளவும் வேகமும்

நீளம் முப்பதாயிரம் முதல் நாற்பதாயிரம் சொல் போதும். அத்தியாயம் ஆறேழு பக்கம். பள்ளி நாளில் இரவு ஒன்பது மணிக்கு மேல் தூக்கம் வரும்வரை படிக்கிற அளவு. முன்கதையை முதல் ஐம்பது பக்கத்தில் கொட்டாதீர்கள். ஆச்சி வந்து உட்கார்ந்தால் தானாகச் சொல்லுவாள்.

9. பிள்ளைகளிடம் படிக்கக் கொடுங்கள்

எழுத்தாளர் நண்பர்களிடம் கொடுப்பதற்கு முன் நாலு பெண்பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்கள் வீட்டில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். எனக்கு ஒரு தடவை இதில் அடி விழுந்தது. கேட்காமல் ஒரு பிள்ளையிடம் கொடுத்தேன், அவள் அம்மா அடகுச் சீட்டு வரும் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டு விஷயத்தை எழுதி எங்க புள்ளைக்கே குடுத்திருக்கியளோ?" என்று வாசலில் நின்று கேட்டார். அந்த வீட்டை எனக்குத் தெரியவே தெரியாது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். வருகிற வழியில், வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

'பிடிச்சிருக்கா?' என்று கேட்காதீர்கள், எல்லோரும் 'ம்' என்பார்கள். பென்சில் கொடுத்து, எங்கே பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போனாயோ அங்கே கோடு போடு என்று சொல்லுங்கள். வர்ணனைப் பக்கங்கள் முழுக்கக் கோடாக வரும். மனதைத் தேற்றிக்கொண்டு வெட்டுங்கள்.

அக்கா மகளுக்கு இப்போது கல்லூரி. இரண்டாவது பிரதியை அவளிடம்தான் முதலில் கொடுத்தேன். மூன்று இடத்தில்தான் கோடு போட்டிருந்தாள். மஞ்சள் கயிறு வரும் பக்கத்தின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் சின்னதாக ஏதோ எழுதி அழித்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். 'ஏழாயிரத்து ஐநூறு' என்று இருந்தது. என் நாவலில் அந்தத் தொகை எங்கும் வரவில்லை.